லாரி மேலே, ஜெனரேட்டர் கீழே

சந்தவாசல்
9.1.2023

மரியாதைக்குரிய சம்பந்தி பஞ்சாட்சரம் அவர்களுக்கு,

பாண்டுரங்கன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் இடுப்பைத் தவிர. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் ஊரில் டவர் கிடைக்க மேட்டு நிலத்துக்கு ஏறிப் போக வேண்டும். போனாலும் நம் இருவர் காதும் இன்ஜின் சத்தத்தில் தேய்ந்து போன காது. நான் ஒன்று சொல்ல, நீங்கள் வேறு எதற்கோ ஆமாம் போடுகிறீர்கள். காகிதம்தான் நமக்குச் சரி.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உரம் வாங்கப் போயிருந்தபோது நம் சக்திமான் லாரியை எடுத்துக்கொண்டு சந்தை வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. பம்ப் அடித்துக் கிளப்பினால் கொஞ்ச தூரம் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. ஆடு மேய்க்கிற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். "இன்னா பெரிசு, மிலிட்டரி வண்டி மலைக்கு பயந்துடுச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். லடாக்கில் இதே ஜாதி வண்டியில் ரேஷன் ஏற்றிப் போனவன் நான். ஒரு நாளும் நடுவழியில் நிற்கவில்லை. ஏன் தெரியுமா? அங்கே ஃபிட்டர்கள் ஒழுங்காக வேலை பார்த்தார்கள்.

நீங்களும் ஃபிட்டராக இருந்தவர், கோபித்துக் கொள்ளாதீர்கள். நிச்சயதார்த்தத்தன்று "நீங்க எந்த யூனிட்?" என்று நீங்கள் கேட்டீர்களே, அன்றிலிருந்து நமக்குள் இந்தச் சண்டைதான். பிள்ளைகள் காதலித்துக் கட்டிக்கொண்டார்கள். நாம் மிலிட்டரி ஏலத்தில் ஒரு லாரியையும் ஜெனரேட்டரையும் எடுத்து வைத்துக்கொண்டு அவர்களை விடச் சந்தோஷமாக இருக்கிறோம் என்று என் வீட்டுக்காரி நீலாவதி சொல்கிறாள்.

ஜெனரேட்டரும் ஒரு மாதிரி மூச்சு வாங்குகிறது. சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. அதையும் பாருங்கள்.

பொங்கலுக்கு உங்கள் மாப்பிள்ளை வெற்றி ஓசூரிலிருந்து வருகிறான். எங்கள் மருமகள் அருணாவும் இங்கே வருகிறாள்தானே? தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள். சுகாதார நிலையத்தில் டாக்டரே லீவு எடுக்கிறார், நர்சுக்கு மட்டும் இல்லையா? நீலாவதி கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
பாண்டுரங்கன்


ஜவ்வாது மலை
13.1.2023

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வண்டியை நீங்கள் திட்டியது, பிறகு டயரை உதைத்தது, எல்லாம் ஆடு மேய்க்கிற பெண்கள் எனக்கு நடித்தே காட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரி பச்சையம்மா இன்னும் சிரித்துக் கொண்டிருக்கிறாள்.

வண்டிமேல் குற்றம் இல்லை. டீசல் போகிற வழியில் காற்று புகுந்துகொள்கிறது. டாங்கிலிருந்து வருகிற குழாயின் முனையில் ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. ஒருதரம் இறுக்கிய வாஷரைத் திரும்பப் போடுவதென்றால் தணலில் சிவக்கக் காய்ச்சி ஆற வைத்துப் போட வேண்டும், அப்போதுதான் இளகிப் பிடிக்கும். இதை யாரோ கழற்றி அப்படியே திருகியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. இங்கே டிரைவர் ஒருவர்தான் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஜெனரேட்டரில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் கம்பியில் தூசியும் பழைய கிரீஸும் பிசினாகக் கட்டியிருந்தது. துடைத்து எண்ணெய் விட்டேன். இப்போது ஒரே குரலில் பாடுகிறது.

அருணா பொங்கலுக்கு வரவில்லை, சம்பந்தி. லீவு கிடைக்கவில்லை என்பது பொய். அவள் லீவு கேட்கவேயில்லை. வீட்டுக்கு வந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். போன் அடித்தால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், எடுப்பதில்லை. வெற்றி ஓசூர் கம்பெனி வேலையை விட மாட்டார். இவள் மலையில் கிடைத்த வேலையை விட மாட்டாள். யாராவது ஒருவர் மேல் கோபப்பட்டுத் திட்டலாம் என்று பார்த்தேன். இரண்டு பேர் மேலும் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் பொங்கல் முடிந்து அடுத்த ஞாயிறு வாருங்கள். பிரேக்கைப் பிரிக்க வேண்டும், ஒரு ஆள் கூட இருந்தால் நல்லது. சாமைச் சோறும் கோழிக் குழம்பும் என்று பச்சையம்மா சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பஞ்சாட்சரம்


சந்தவாசல்
17.7.2023

பஞ்சாட்சரம் அவர்களுக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாள் கிழித்துவிட்டேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து வாழ முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். திருப்பத்தூரில் வக்கீலைப் பார்த்துவிட்டதாக வெற்றி சொல்கிறான். சரி. அவர்கள் வாழ்க்கை.

ஆனால் நீலாவதி கொதித்துப் போயிருக்கிறாள். "மலையில போயி பொண்ணு எடுத்தா, மலை மாதிரியே அசையாம நிக்குது" என்று சபையில் அவள் சொன்னாள். நீங்கள் காபியைக் கையில் எடுக்காமல் எழுந்து போய்விட்டீர்கள். அதற்கப்புறம் அவள் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது.

"புள்ளைங்க பிரிஞ்சாச்சு. அப்பனுங்க ரெண்டு பேரும் இன்னும் லாரி கழுவிக்கினு கெடந்தா ஊரு சிரிக்காதா?" என்றாள். நான் எதிர்த்துப் பேசினேன். அவள் கற்பூரம் ஏற்றி வைத்து, இனி உங்கள் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். அடித்துக் கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை. என் மகன் அன்றைக்கு உள் அறையில் படுத்து அழுதுகொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவன் அம்மாவோடு எப்படி மல்லுக்கட்டுவது?

ஆகையால் நமக்குள் இருப்பதையும் பிரித்துக்கொள்வோம். லாரி உங்கள் நிலத்தில் நிற்கிறது, அது உங்களுக்கே. ஜெனரேட்டரை மட்டும் கீழே அனுப்பிவிடுங்கள். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

பாண்டுரங்கன்


ஜவ்வாது மலை
25.7.2023

பாண்டுரங்கன் அவர்களுக்கு,

பக்கத்து நிலத்துச் சடையன் டெம்போவில் ஜெனரேட்டரை ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஆயில் மாற்றிவிட்டேன். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படியும். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். மாதம் ஒருதரமாவது ஓட்டி, விளக்குப் போட்டு வையுங்கள்.

எங்கள் மலையில் கணவன் மனைவிக்குச் சேரவில்லை என்றால் பெரியவர்கள் உட்கார்ந்து பிரித்துவிடுவார்கள். அடுத்த வாரச் சந்தையில் இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொண்டால், உனக்குச் சாமை எப்படி விளைந்தது என்று கேட்டுக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கீழே வேறு வழக்கம் போலிருக்கிறது.

காபி குடிக்காமல் எழுந்தது உங்கள் வீட்டம்மா மேல் கோபத்தால் இல்லை. பிள்ளையைப் பெற்றவள், வயிற்றெரிச்சலில் ஆயிரம் பேசுவாள். அருணா உங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் காதில் அது விழுந்தது. திரும்பி உங்களைத்தான் பார்த்தாள், என்னை அல்ல. அவளுக்கு உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வருத்தம் அது ஒன்றுதான். எழுதிவிட்டேன், இனி மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. சத்தியத்தின் அவசரத்தில் இதை நீங்கள் யோசித்தீர்களா? எனக்கு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குள் முன்னும் பின்னும் நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவில் என் கையில் கொடுத்தால் நேராகப் பள்ளத்துக்குத்தான் போகும். உங்களுக்கோ ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே சந்தேகம். ஓட்டத் தெரிந்தவருக்கு ஜெனரேட்டர், ரிப்பேர் தெரிந்தவருக்கு லாரி. நம்மைப் போலப் பாகம் பிரித்தவர்கள் எந்த ஊரிலும் இருக்க மாட்டார்கள்.

நன்றாக இருங்கள்.

பஞ்சாட்சரம்


சந்தவாசல்
9.12.2024

அன்புள்ள

சம்பந்தி என்று எழுதப் போனேன், கை நின்றுவிட்டது. உங்களை இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இங்கே புயல் மழையில் கரண்ட் போய்ப் பல நாளாகிறது. தெருவில் போஸ்ட் சாய்ந்து கிடக்கிறது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்கிட்ட மிலிட்டரி ஜெனரேட்டர் இருக்குது, எல்லாரும் போனை எடுத்துக்கினு வாங்க" என்று தெருவுக்கே சொல்லிவிட்டேன். வந்தார்கள். ஆளுக்கு ஒரு சார்ஜரோடு வரிசையில் நின்றார்கள். இன்ஜின் ஒரே அடியில் கிளம்பியது. ஊரே அதிர்கிற சத்தம். ஆனால் ஒரு பல்பு எரியவில்லை. ஒயரைப் பார்த்தேன், ஃபியூஸைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது, கரண்ட் மட்டும் வரவில்லை. மூன்று நாளாக இதே கதை.

எதிர்வீட்டு ராணியம்மாள், "சத்தம் வருது, வெளிச்சம் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு என் வாசல் வழியாகவே போகிறார்கள். வேண்டுமென்றே செய்கிறார்கள்.

உங்களுக்கு எழுத நானாகத் துணியவில்லை. நீலாவதிதான் அடுப்படியிலிருந்து, "தெரிஞ்சவங்களக் கேக்கறதுக்கு இன்னா வெக்கம்?" என்றாள். யாரை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதப் பல தரம் உட்கார்ந்து, எழுந்து போயிருக்கிறேன். அருணா வாசலில் நின்றது சத்தியமாக எனக்குத் தெரியாது. பெற்ற மகளைப் போல இந்த வீட்டில் இருந்த பெண் அவள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, பஞ்சாட்சரம்.

கோர்ட்டில் முடிந்துவிட்டது என்று வெற்றி சொன்னான். இளைத்துவிட்டான். வேலை, ரூம், வேலை என்று இருக்கிறான்.

ஜெனரேட்டருக்கு என்ன செய்வது? வண்டி எப்படி இருக்கிறது? இதையும் கேட்கலாம்தானே?

பாண்டுரங்கன்


ஜவ்வாது மலை
20.12.2024

அன்புள்ள டிரைவர் அவர்களுக்கு,

இடத்தை நிரப்பிக்கொள்ளச் சொன்னீர்களே, நிரப்பிவிட்டேன். என்னை ஃபிட்டர் என்று கூப்பிடுங்கள். பிள்ளைகள் கட்டிக்கொண்டாலும் பிரிந்தாலும் அது மாறாது. உங்கள் கடிதத்தைப் படித்து நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பச்சையம்மா, "இன்னா, கெழவனுக்குப் பேய் புட்ச்சிக்கிச்சா?" என்றாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். பாதிக்கு மேல் அவள் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருணாவுக்கும் காட்டினேன். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள், திருப்பித் தரவில்லை.

முதலில் ஜெனரேட்டர். மாதம் ஒருதரம் ஓட்டுங்கள் என்றேன். ஓட்டியிருக்க மாட்டீர்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கிற காந்த சக்தி போய்விடும். அந்தத் துளிக் காந்தத்தை வைத்துத்தான் அது கரண்டைக் கிளப்புகிறது. இன்ஜினை நிறுத்துங்கள், மெயின் சுவிட்சை இறக்குங்கள். பக்கத்து மூடியைத் திறந்தால் இரண்டு ஒயரில் நான் நூல் சுற்றி வைத்திருக்கிறேன், சிவப்பு நூலும் கறுப்பு நூலும். அந்த இரண்டையும் கழற்றுங்கள். டிராக்டர் பேட்டரியிலிருந்து சிவப்புக்குப் பிளஸ், கறுப்புக்கு மைனஸ். தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும், சின்னப் பொறி பறக்கும், பயப்படாதீர்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, ஒயரைப் பழையபடி மாட்டிய பிறகுதான் கிளப்ப வேண்டும். அவசரப்பட்டால் நான் பொறுப்பில்லை.

வண்டி நன்றாக இருக்கிறது. ஞாயிறு தவறாமல் கிளப்பி, நிலத்தில் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் நகர்த்துகிறேன். மாடுகள் பழகிவிட்டன, எழுந்திருப்பதுகூட இல்லை.

இனி எழுதுவதை எப்படி எழுதுவது என்றுதான் நான்கு நாளாக யோசித்தேன். உங்களுக்கு வேறு யார் மூலமும் தெரியக் கூடாது, அதனால் நானே எழுதுகிறேன். அருணாவுக்கு வேறு இடம் பேசி முடித்திருக்கிறோம். பையன் பெயர் கோபால்சாமி, மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருக்கும் முன்னால் ஒருதரம் கல்யாணம் ஆகிப் பிரிந்ததுதான். தை மாதம், அவர்கள் ஊர்க் கோயிலில் கல்யாணம். இதைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம். இந்த மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஜீப், வேன் எதுவும் இறங்காது. பெண்ணோடு போகிற கிழடுகட்டைகள், பாத்திரம் பண்டம் எல்லாம் ஓடையைத் தாண்ட வேண்டுமென்றால் நம் சக்திமான் ஒன்றால்தான் முடியும். ஓட்டத்தான் ஆள் இல்லை. உங்களைக் கேட்கவில்லை. உங்களுக்குச் சத்தியம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இதைப் போய் உங்களிடம் கேட்க எனக்கு வாய் வராது. கணியம்பாடி பக்கம் உங்களோடு வேலை பார்த்த பழைய டிரைவர்கள் இருப்பார்கள். நம்பிக்கையான ஆள் ஒருவரை அனுப்பி வைத்தால் போதும்.

உங்கள் ஃபிட்டர்,
பஞ்சாட்சரம்


சந்தவாசல்
2.1.2025

ஃபிட்டர் அவர்களுக்கு,

விளக்கு எரிந்தது. போஸ்ட்டை நட்டு, கரண்ட் வந்து ஒரு வாரம் கழித்து எரிந்தது. இருந்தாலும் ராணியம்மாளைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் காட்டினேன். உங்கள் நூல் சுற்றிய ஒயரைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. நான் திறப்பேன் என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். வேறு டிரைவரா? கணியம்பாடியிலிருந்தா? யாரைச் சொல்கிறீர்கள்? அவர்களில் ஒருத்தனுக்குப் பார்வை போய்விட்டது, இன்னொருத்தன் இரண்டாவது கியருக்கும் நான்காவதுக்கும் வித்தியாசம் தெரியாதவன். அந்த வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கும், ஸ்டியரிங் எவ்வளவு இழுக்கும் என்று என் கைகாலுக்குத் தெரியும். பெண் ஏறுகிற வண்டியை யாரோ ஒருத்தன் கையில் கொடுப்பாராம். எழுதும்போது கை கூசவில்லையா உங்களுக்கு?

உங்கள் கடிதத்தை நீலாவதிக்குப் படித்துக் காட்டினேன். மறைக்கப் பிடிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். கல்யாண விஷயம் வந்ததும் கை நின்றது, பிறகு களைந்ததையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள். மறுநாள் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், "எனக்கு டைபாய்டு வந்தப்ப, ராவும் பகலும் அந்தப் பொண்ணு கால அமுக்கிக்கினு உக்காந்திருந்துச்சு. என் வாயிதான் சும்மா கெடக்கல" என்றாள். நான் அவளையே பார்த்தேன். "இன்னா முழிக்கிறே? வாசப்படி மிதிக்காதேன்னுதான் சத்தியம் வாங்கினேன். வண்டி ஏறாதேன்னு வாங்கினனா?" என்றாள். அவளாகச் சொன்னது, நான் கேட்டு வாங்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு புடவை எடுத்து என் பையில் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். வருகிறாயா என்று கேட்டேன். "அவ மொகத்துல முழிக்கிறதுக்கு எனக்கு இன்னும் தெம்பு வர்ல" என்றாள்.

வெற்றிக்கும் போனில் சொன்னேன். என்றைக்கு என்று கேட்டான். அப்புறம், "அந்த ஓடையில எறங்கறப்போ முன் வீலுக்கும் பவர் போட்டுக்கோப்பா. அவளுக்குத் தண்ணின்னா பயம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வைத்துவிட்டான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு எழுதுகிறேன் என்றால், நீங்கள் ஒருவர்தான் இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இருக்கிறீர்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் போளூர் வந்து மலை பஸ் ஏறிவிடுவேன். ஓடையை ஒருதரம் நடந்து பார்த்து, எங்கே கல், எங்கே சேறு என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக் ஆயில், பேட்டரி, டயர் காற்று எல்லாம் நான் வருவதற்குள் உங்கள் பொறுப்பு. ஏதாவது குறை இருந்தால் கல்யாண வீடு என்றும் பார்க்க மாட்டேன், நன்றாகத் திட்டுவேன். வாசப்படி ஏற மாட்டேன், வண்டியிலேயே படுத்துக்கொள்வேன். தட்டைப் பச்சையம்மாவிடம் சொல்லி வண்டிக்கே கொடுத்துவிடுங்கள். நீங்களும் உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிழடுகட்டைகளையும் பாத்திரத்தையும் பின்னால் ஏற்றுங்கள். ஓடையில் வண்டி சாயும், பின்னால் நின்றால் தூக்கிப் போடும். அருணா பின்னால் ஏற வேண்டாம். முன் சீட்டைத் துடைத்து ஒரு நல்ல ஜமக்காளம் விரித்து வையுங்கள். அவள் என் பக்கத்தில் உட்காரட்டும்.

இப்படிக்கு,
டிரைவர் பாண்டுரங்கன்